குக்கரைப் பயமில்லாமல் கையாள: முதல் விசிலிலிருந்து மூடி திறப்பது வரை

புதிதாகச் சமைக்கத் தொடங்குபவர்கள் அடுப்பைவிட, கத்தியைவிட, குக்கருக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தவறான இடத்தில் இருக்கிறது. "உஸ்ஸ்" என்று சத்தம் போட்டு விசில் அடிக்கிற குக்கர் ஒழுங்காக வேலை செய்கிற குக்கர். பத்து நிமிடம் பெரிய தீயில் இருந்தும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் ஆபத்து. ஆவி வெளியேறும் வழி திறந்திருக்கும்வரை குக்கர் சாதுவான பாத்திரம். கீழே வரும் எல்லா விதிகளும் அந்த ஒரு வழியைக் காப்பாற்றத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

சென்னை கடல் மட்டத்தில் இருக்கிற ஊர். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. மூடியை இறுக்கி ஆவியை அடைத்தால் அழுத்தம் ஏறும், அதோடு கொதிநிலையும் ஏறும். வீட்டுக் குக்கர்களில் பெரும்பாலானவை சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ அழுத்தத்தில் வேலை செய்பவை. அந்த அழுத்தத்தில் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி இருக்கும். அந்த 20 டிகிரிதான் பருப்பைப் பத்து நிமிடத்தில் குழைய வைக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள மூடியின் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 1 கிலோ என்றால், அந்த மூடியை உள்ளிருந்து 300 கிலோவுக்கு மேல் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதோடு, 120 டிகிரியில் இருக்கும் தண்ணீரின் அழுத்தம் சட்டென்று போனால் அதில் ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 60 லிட்டர் ஆவி. பிரஷர் இருக்கும்போது மூடியை நெம்பினால் கூரை வரை பருப்பு தெறிப்பது இதனால்தான்.

1679-ல் தெனி பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர் லண்டனில் இப்படிப்பட்ட பாத்திரத்தை முதலில் செய்து காட்டினார். அழுத்தம் எல்லை மீறினால் எடையைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறும் வால்வும் அவர் யோசனைதான். நம் வீட்டு வெயிட் இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பாகங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள்

மூடியைத் திருப்பிப் போட்டால் எல்லாம் தெரியும். நடுவில் ஒரு சிறு குழாய். ஆவி போகிற வழி அதுதான். அதன்மேல் உட்காருவது வெயிட் (பலர் இதையே விசில் என்பார்கள்). மூடியின் விளிம்பில் கேஸ்கட், அதாவது குக்கர் ரப்பர். மூடியிலேயே இன்னொரு இடத்தில் சின்னப் பொத்தான் போல இருப்பது சேஃப்டி வால்வு. குழாய் அடைத்துக்கொண்டாலோ, தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறினாலோ, அதிலுள்ள எளிதில் உருகும் உலோகம் உருகி ஆவிக்கு வழிவிடும். ஒரு முறை உருகிவிட்டால் அதன் ஆயுள் அவ்வளவுதான், புதிது போட வேண்டும். வெளிமூடிக் குக்கர்களில் பலவற்றில் மூடி விளிம்பில் ஒரு நீள்சதுர ஓட்டை இருக்கும். அழுத்தம் மிஞ்சினால் கேஸ்கட் அந்த வழியாகப் பிதுங்கி ஆவியை விட்டுவிடும், மூன்றாவது காவல்.

மூடியில் இரண்டு வகை. வெளிமூடி பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் உட்கார்ந்து கைப்பிடிகள் பூட்டிக்கொள்ளும் வகை. உள்மூடி சாய்வாக உள்ளே நுழைந்து கீழிருந்து மேலாக அழுந்திக்கொள்ளும். அழுத்தம் இருக்கும்வரை கீழே இறங்காது, ஆகவே திறக்கவும் முடியாது. மூடித் திறக்கக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும் என்றாலும், முதல்முறை வாங்குபவர்களுக்கு உள்மூடியே நல்லது என்பது எங்கள் கருத்து. அவசரக்காரர்களிடமிருந்து அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். அடுக்குப் பாத்திரம் வைத்துச் சமைக்கும் வீட்டுக்கு வெளிமூடி வசதி, வாய் அகலம்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன்மேல் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். 2021 பிப்ரவரி முதல் அந்த முத்திரை இல்லாத வீட்டுக் குக்கரை இந்தியாவில் விற்பதே சட்டப்படி தவறு. இரண்டு மூன்று பேருக்கு 3 லிட்டர், நான்கைந்து பேருக்கு 5 லிட்டர் போதும். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் அடிப்பாகத்தில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்து வாங்குங்கள்.

முதல் நாள்: வெறும் தண்ணீர்

புதுக் குக்கரிலோ, குக்கர் புதிதான ஒருவரோ, முதலில் சமைக்கவே வேண்டாம். தண்ணீரை மட்டும் வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சத்தம் பழகும், கசிவு இருந்தால் தெரிந்துவிடும்.

1. மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குழாய் வழியாகப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊசியால் குத்தி, குழாய்த் தண்ணீரை வேகமாக அதன் வழியே ஓட விடுங்கள். இந்தச் சோதனை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது, ஐந்து நொடி வேலை.
2. கேஸ்கட்டைக் கழற்றித் துடைத்து, முறுக்கிக்கொள்ளாமல் திரும்ப மாட்டுங்கள். பாத்திரத்தின் விளிம்பில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் அங்கே ஆவி கசியும்.
3. 500 மில்லி தண்ணீர் ஊற்றி மூடுங்கள். இரண்டு கைப்பிடிகளும் ஒன்றின்மேல் ஒன்று நேராக வர வேண்டும். வெயிட் போட வேண்டாம்.
4. பெரிய தீயில் வையுங்கள். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி பக்கவாட்டில் ஏறக் கூடாது. ஏறினால் கைப்பிடியும் ரப்பரும்தான் வேகும்.
5. குழாயிலிருந்து ஆவி நூல் பிடித்தாற்போலச் சீராக வந்ததும் வெயிட்டைப் போடுங்கள். உள்ளே இருந்த காற்று வெளியேறிவிட்டது, வழியும் திறந்திருக்கிறது என்பதற்கு அந்த ஆவிதான் சாட்சி. சில பிராண்டுகளில் தொடக்கத்திலேயே வெயிட்டைப் போட்டுவிடலாம் என்று கையேட்டில் இருக்கும். உங்கள் குக்கரின் கையேடு சொல்வதே சட்டம்.
6. ஒரு விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். மூடியின் ஓரத்தைச் சுற்றிலும் பாருங்கள். சொட்டோ கசிவோ இருக்கக் கூடாது.
7. அணைத்துவிட்டுக் காத்திருங்கள். ஆவி அடங்கியதும் திறந்து, தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் அடுப்பு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சாதமும் பருப்பும் ஒன்றாக வைப்பது

சென்னை வீடுகளில் தினமும் நடப்பது இதுதான். 5 லிட்டர் குக்கருக்கான அளவுகள் இவை. ஒரு கப் என்பது 200 மில்லி.

குக்கர் அடியில் தட்டை வைத்து இரண்டு கப் தண்ணீர் ஊற்றுங்கள். அலுமினியக் குக்கர் என்றால் அந்தத் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு புளியோ பிழிந்த எலுமிச்சை மூடியோ போடுங்கள், உட்புறம் கறுக்காது. அடிப் பாத்திரத்தில் அரை கப் துவரம்பருப்பு, ஒன்றரை கப் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், நாலைந்து சொட்டு நல்லெண்ணெய். எண்ணெய் வெறும் ருசிக்காக அல்ல, பருப்பு வேகும்போது பொங்கும் நுரையை அது அடக்கும். அந்த நுரைதான் குழாயில் ஏறி அடைப்பது. மேல் பாத்திரத்தில் ஒரு கப் அரிசி. பொன்னிப் பச்சரிசிக்கு இரண்டரை கப் தண்ணீர், புழுங்கலுக்கு மூன்று. மேல் பாத்திரத்தை ஒரு தட்டால் மூடுங்கள். அந்தத் தட்டுக்கும் மூடியில் இருக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

முதல் விசில் வரை பெரிய தீ. பிறகு சிம்மில் எட்டு நிமிடம். அணைத்த பின் பத்து நிமிடம் தொடாதீர்கள். அந்தச் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும்.

பருப்போடு புளியையோ தக்காளியையோ முதலிலேயே சேர்த்தால் பருப்பு வேக நேரமாகும். போர் தண்ணீர் வருகிற வீடுகளில் "எத்தனை விசில் விட்டாலும் பருப்பு வேகவே மாட்டேங்குது" என்ற புலம்பல் சகஜம். குற்றவாளி தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பு. பருப்புக்கு மட்டும் மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள்.

எவ்வளவு நிரப்பலாம்

காய், கறி போன்றவை எதுவானாலும் குக்கரின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. அரிசி, பயறு, கடலை என்று ஊறி உப்புவதெல்லாம் தண்ணீரோடு சேர்த்துப் பாதிதான். அடுக்குப் பாத்திரமில்லாமல் நேரடியாகக் குக்கரில் பருப்பு வைத்தால் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். சேமியா, ஜவ்வரிசி, ஓட்ஸ் இவற்றை நேரடியாகக் குக்கரில் போட்டு வெயிட் போடவே கூடாது. கஞ்சிப் பசை குழாயை அடைப்பதில் இவை கெட்டிக்காரர்கள். மூடியைப் போட்டு எண்ணெயில் பொரிப்பதும் கூடவே கூடாது. சமையல் சோடா அலுமினியத்தை அரிக்கும், கடலை வேக வேண்டுமென்றால் எட்டு மணி நேரம் ஊற வையுங்கள்.

குறைந்தபட்சத் தண்ணீரும் முக்கியம். எதை வைத்தாலும் ஒன்றே கால் கப்புக்கு, அதாவது 250 மில்லிக்குக் குறைய வேண்டாம். இருபது நிமிடத்துக்கு மேல் சிம்மில் நிற்கப் போகிறது என்றால் இரண்டு கப்.

விசில் எண்ணுவதை விடுங்கள்

"நாலு விசில் விடு" என்பது நம் சமையல் மொழியில் ஊறிப்போன அளவு. அளவாக அது ஏமாற்றும். பெரிய தீயில் நாலு விசில் நாலே நிமிடத்தில் வந்துவிடும். சிம்மில் அதே நாலுக்குப் பன்னிரண்டு நிமிடம்கூட ஆகலாம். பக்கத்து வீட்டுக் குக்கரும் உங்களுடையதும் வேறு வேறு வெயிட், வேறு வேறு தீ. சில குக்கர்கள் விசிலே அடிக்காமல் "புஸ் புஸ்" என்று விட்டுக்கொண்டேயிருக்கும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். தண்ணீரும் வற்றாது, கேஸும் மிச்சம்.

சிம்மில் வைத்தபின் தேவையான நேரம்:

- சாதம் மட்டும்: 5 முதல் 7 நிமிடம்
- பாசிப்பருப்பு: 5
- அரை மணி ஊறிய துவரம்பருப்பு: 8 முதல் 10
- வெண்பொங்கல் (1 கப் அரிசி, கால் கப் பாசிப்பருப்பு, 5 கப் தண்ணீர், அடுக்குப் பாத்திரத்தில்): 10
- இரண்டாக நறுக்கிய உருளைக்கிழங்கு: 6 முதல் 8
- முழு பீட்ரூட்: 15
- இரவு ஊறிய கொண்டைக்கடலை, ராஜ்மா: 15 முதல் 20
- மட்டன்: 15 முதல் 20, முற்றிய கறி என்றால் 25

இட்லிக்கு வெயிட் கிடையாது. குக்கரில் இட்லித் தட்டு வைத்தால் வெயிட்டைக் கழற்றிவிட்டு, ஆவி வரத் தொடங்கியதிலிருந்து 10 முதல் 12 நிமிடம். புதிதாகச் சமைப்பவர்கள் இதை மறந்து வெயிட்டைப் போட்டுவிடுகிறார்கள். இட்லி சப்பையாகி மேல்தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

திறப்பது

கைகள் வெந்துபோவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அடுப்பில் இருக்கும்போது அல்ல.

அடுப்பை அணையுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு கரண்டிக் காம்பால் வெயிட்டை லேசாகத் தூக்கிப் பாருங்கள். "ஸ்ஸ்" என்றால் விட்டுவிட்டுக் காத்திருங்கள். சத்தமே இல்லையென்றால் வெயிட்டை எடுத்துவிட்டு மூடியைத் திருப்புங்கள். கைப்பிடி எளிதாக நகர வேண்டும். நகர மறுத்தால் உள்ளே இன்னும் ஆவி இருக்கிறது என்று பொருள். அப்போது அம்மிக் குழவியையோ ஸ்பானரையோ தேடாதீர்கள். மூடியைத் தூக்கும்போது உங்கள் பக்கத்து ஓரம் கடைசியாகத் தூக்கப்பட வேண்டும். மிச்ச ஆவி எதிர்ப்பக்கம் போகும், முகத்தில் அடிக்காது.

நேரடியாக வைத்த பருப்பு, பொங்கல், கெட்டிக் குழம்பு, பாயசம் இவற்றில் வெயிட்டைத் தூக்கவே தூக்காதீர்கள். கொழகொழப்பான உணவுக்குள் ஆவி குமிழிகளாகச் சிக்கியிருக்கும். ஆவி தானாக அடங்கிய பிறகும், திறப்பதற்குமுன் குக்கரை இரு கைப்பிடியும் பிடித்து மெல்ல ஓர் ஆட்டு ஆட்டுங்கள். சிக்கிய ஆவி அப்போதே வெளியேறிவிடும்.

அவசரமென்றால் குக்கரைத் தொட்டியில் வைத்துப் பக்கவாட்டில் மட்டும் குழாய்த் தண்ணீர் விடலாம். வெயிட்மேலும் சேஃப்டி வால்வுமேலும் தண்ணீர் படக் கூடாது. இதைத் தினசரிப் பழக்கமாக்கினால் அடிப்பாகம் உப்பி, அடுப்பில் நிற்காமல் ஆடத் தொடங்கும்.

ஏதாவது தப்பாகத் தெரிந்தால்

விசில் வரவில்லை. முதலில் ஓரத்தைப் பாருங்கள். மூடியைச் சுற்றி ஆவி கசிந்தால் கேஸ்கட் தளர்ந்திருக்கிறது, அல்லது விளிம்பு நசுங்கியிருக்கிறது. ஆபத்தில்லை, வேகாது, அவ்வளவுதான். சேஃப்டி வால்விலிருந்து ஆவி வந்தால் உடனே அணையுங்கள். எங்கிருந்தும் ஆவி வராமல், வழக்கமாக விசில் வரும் நேரம் தாண்டியும் குக்கர் ஊமையாக இருந்தால் அதுதான் மேலே சொன்ன ஆபத்து. அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்தில் நிற்காமல் சமையலறையை விட்டு வெளியே வாருங்கள். வெயிட்டைக் கரண்டியால் தட்டி எழுப்பும் வித்தை இந்த நேரத்தில் வேண்டாம். முழுக்க ஆறிய பின் திறந்து குழாயைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கடலைத் தோல், கறிவேப்பிலை, சோற்றுப் பசை, போர் தண்ணீரின் சுண்ணாம்பு, இந்த நாலில் ஒன்று இருக்கும்.

வெயிட் பக்கம் மஞ்சள் தண்ணீராகத் துப்புகிறது. அளவு அதிகம், அல்லது தீ அதிகம். தீயைக் குறையுங்கள். துப்பிய தண்ணீர் சிம்மில் எரியும் தீயை அணைத்துவிட்டு, கேஸ் மட்டும் வந்துகொண்டேயிருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. வாசனை வந்தால் குமிழையும் ரெகுலேட்டரையும் மூடி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். லைட், எக்ஸாஸ்ட் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906. வீட்டுக்கு வெளியே வந்து கூப்பிடுங்கள்.

கருகல் வாசனை. தண்ணீர் வற்றிவிட்டது. அணையுங்கள், அப்படியே ஆற விடுங்கள். காய்ந்து கொதிக்கும் குக்கரில் தண்ணீர் ஊற்றுவது, பச்சைத் தண்ணீரில் இறக்குவது இரண்டும் வேண்டாம். ஆறிய பின் சேஃப்டி வால்வை, கேஸ்கட்டை, அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சமையல்.

ஆவி பட்டுவிட்டால் வளையல், மோதிரத்தை உடனே கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தாலும், உள்ளங்கையைவிடப் பெரிய இடம் வெந்திருந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது. 108-ஐக் கூப்பிடுங்கள், சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

பராமரிப்பு

கேஸ்கட்டை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவிக் காய வையுங்கள். மூடியை இறுக்கிப் பூட்டிவைக்காமல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் ரப்பர் அழுந்தாது, நாற்றமும் வராது. வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரிகிறதா, விறைத்துவிட்டதா, தொங்குகிறதா, மாற்றிவிடுங்கள். தினமும் சமைக்கும் வீட்டில் வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். தொங்கிப்போன ரப்பரை ஃப்ரீசரில் வைத்து எடுப்பது ஒருநாள் சமையலுக்குக் கைகொடுக்கும். மறுநாள் கடைக்குப் போய்விடுங்கள். கைப்பிடித் திருகாணிகளை மாதம் ஒருமுறை இறுக்குங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் அவை சீக்கிரம் துருப்பிடிக்கும்.

உதிரிப் பாகம் வாங்கும்போது குக்கரின் பிராண்டையும் லிட்டரையும் சொல்லி அதே நிறுவனத்தின் பாகத்தைக் கேளுங்கள். பழைய கேஸ்கட்டைக் கையில் கொண்டுபோவது நல்லது. தி.நகர், புரசைவாக்கம், பாரிமுனைப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும். ஒரு பிராண்டின் வெயிட்டை இன்னொன்றில் போடாதீர்கள். எடை மாறினால் அழுத்தமும் மாறும். தெருவில் "குக்கர் ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர்" என்று குரல் கொடுத்து வருபவரிடம் கைப்பிடி மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. சேஃப்டி வால்வு இருந்த ஓட்டையில் திருகாணி வைத்து அடைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் மூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுங்கள்.

அடிப்பாகம் உப்பிய, விளிம்பு நசுங்கிய, உடலில் கீறல் விட்ட குக்கரைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்த முடியாது. அதை வேலைக்கு வரும் அம்மாவுக்கோ ஊரிலிருக்கும் உறவினருக்கோ கொடுத்துவிடுவதும் சரியில்லை. எக்ஸ்சேஞ்சில் போடுங்கள், இல்லையென்றால் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போடுங்கள். போடும்முன் மூடியின் கைப்பிடியைக் கழற்றிவிட்டால் அதை மறுபடி யாரும் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள்.